பதினேழாவது வளைவுல தரை தொடாத சைக்கிள்

என்ன, சேரையெல்லாம் முன்னாடி இழுத்துப் போட்டுட்டீங்க? சைக்கிள் கதைன்னு சொன்னதும் ரெண்டு பேரு கர்ச்சீப்பை எடுத்தாச்சு. அப்பா வேர்வை சிந்தி சைக்கிள் வாங்கித் தருவாரு, பையன் தொலைச்சிருவான், கடைசியில மணிச் சத்தம் மட்டும் காத்துல வரும், அப்ப அழுவோம்னு தயாரா உக்காந்திருக்கீங்க. மடிச்சு உள்ள வைங்க. இந்தச் சைக்கிள்ல மணியே கெடையாது. அந்தப் பக்கம் மீசைக்காரரு, இவன் எப்படா பஸ் சத்தம் குடுப்பான்னு என் வாயையே பாக்கறாரு. பஸ்ஸு வரும்போது குடுக்கறேங்க, வராத பஸ்ஸுக்கு யாராச்சும் ஹாரன் அடிப்பாங்களா? தூணோரமா நிக்கிற தங்கச்சி மூஞ்சியிலயே எழுதியிருக்கு: மலை, சைக்கிள், பொண்ணு, சரி, விழுந்துருவா. விழலைம்மா. விழலைங்கறதுதான் கதையே.

எங்க ஊருக்குப் பேரு பதினேழாவது வளைவு. காகிதத்துல வேற ஏதோ பேரு இருக்கு, அதைப் போட்டு லெட்டர் அனுப்புனா தபால்காரரே 'இப்படி ஒரு ஊரு இல்லை'ன்னு திருப்பிருவாரு. அடிவாரத்துலருந்து பஸ்ஸு பதினேழு தடவை திரும்பி, மூணு பேரு ஜன்னல்ல தலைய நீட்டி, நாலாவது ஆளு எலுமிச்சம்பழத்த மோந்துக்கிட்டு இருக்கறப்ப, வலது பக்கம் நாப்பது வீடு, ஒரு டீக்கடை, மொளகுக்கொடி சுத்துன மரங்க, பலாமரங்க, ரோட்டுக்கு மேல மூக்கை நீட்டுன மாதிரி ஒரு பாறைன்னு தெரியும், நீங்க 'அட, நல்லாருக்கே'ன்னு சொல்லி வாயை மூடறதுக்குள்ள பதினெட்டாவது வளைவு வந்துரும். அதான் எங்க ஊரு. பஸ்ஸு நிக்காது. அப்படி ஒரு ஏத்தம், நின்னா மறுபடி எடுக்கறது பெரும்பாடு. அதனால பள்ளிக்கூடத்துக்குப் போறவங்க, ஆசுபத்திரிக்குப் போறவங்க, பலாப்பழம் சுமக்கறவங்க, நிறைமாசக்காரி எல்லாரும் இருபதாவது வளைவு வரைக்கும் நடந்து போயி ஏறணும், எங்க பாட்டன் காலத்துலருந்து நடந்து நடந்து எங்க ஊரு ஆளுங்களுக்கு ஒரு காலு கொஞ்சம் குட்டையாவே பொறக்குதுன்னு பதினெட்டாவது வளைவுக்காரங்க சொல்லுவாங்க, அவங்க கெடக்கறாங்க விடுங்க.

அப்படிப்பட்ட ஊருக்கு, மழை விட்ட ஒரு திங்கக்கெழமை, ஜீப்பு மேல ஒரு சைக்கிளைப் படுக்க வச்சுக் கட்டிக்கிட்டு மெர்லின் சுகிர்தா வந்து எறங்குச்சு. கோயமுத்தூர்ல சைக்கிள் பண்ற ஒரு கம்பெனி, அவங்க புதுசா செஞ்ச வண்டிய ஓட்டிப் பாத்து மார்க்குப் போடறதுதான் அதுக்கு வேலை. இருபத்தெட்டு வயசு. ஹெல்மெட்டு, முட்டிக்கு ஒரு தட்டு, மொழங்கைக்கு ஒரு தட்டு, நெஞ்சுக்கு ஒரு தட்டு. பாப்பாத்தியக்கா, டீக்கடை வச்சிருக்கறவங்க, பாத்த உடனே கேட்டாங்க, 'ஏங்கண்ணு, சண்டைக்கா போற?'

சைக்கிளப் பாக்க ஊரே கூடிருச்சு. செங்கோடண்ணன் தான் முன்னாடி நின்னாரு, ஏன்னா சைக்கிள் விசயத்துல எங்க ஊருக்கு அவருதான் நீதிபதி. பலாப்பழம் மூணக் கேரியர்ல கட்டி இருபதாவது வளைவு வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போற ஒரே மனுசன். பேச்சு எப்படி இருக்கும்னா, மூக்குக்குள்ள ஒரு வண்டு குடியிருந்து, அதுவும் வாடகைக்கு இன்னொரு வண்டை வச்ச மாதிரி.

'அம்மிணி, ஸ்டாண்டு எங்க?'

'இதுக்கு ஸ்டாண்டு கெடையாதுங்ணா.'

'கேரியரு?'

'இல்லீங்ணா.'

'மட்காடு? பெல்லு? டைனமோ?'

'எதுவும் இல்லீங்ணா.'

செங்கோடண்ணன் ஒரு சுத்து சுத்தி வந்து பரிதாபமா சொன்னாரு, 'அப்ப இன்னும் செஞ்சு முடிக்கல. முடிச்சதுக்கப்பறமா கொண்டாந்திருக்கலாம், என்ன அவசரம்?'

மெர்லின் சிரிச்சுக்கிட்டே சீட்டுல கைய வச்சு ஒரு அமுக்கு அமுக்குச்சு. வண்டி புஸ்ஸ்ஸுன்னு குந்தி, மெதுவா எந்திரிச்சுது, சாப்பிட்டு முடிச்ச மாமனாரு மாதிரி. 'இதாங்ணா விசயம். முன்சக்கரத்தப் புடிச்சிருக்கற போர்க்குல இருநூறு மில்லி, பின்னாடி ஸ்பிரிங்குல இருநூறு மில்லி'ன்னுச்சு. டீக்கடை பெஞ்சுல இருந்த நாலு ஆம்பளைங்க டம்ளரோட எந்திரிச்சு நின்னுட்டாங்க. அது மில்லிமீட்டருன்னு வெளக்கிச் சொன்னதும் அவங்க மூஞ்சி போன போக்கு இருக்கே, வேண்டாம், அந்த மூஞ்சிய நான் போட்டுக் காட்டுனா அவங்க வீட்டுல என்னையத்தான் திட்டுவாங்க. சக்கரம் கல்லு மேல ஏறுனா சக்கரம் மட்டும் அந்த இருநூறு மில்லி மேல போயிட்டு வருமாம், மேல இருக்கற ஆளுக்குத் தெரியாதாம். ரெண்டாள் ஒசரத்துலருந்து குதிச்சாலும், தலையில வச்ச தண்ணி சிந்தாதாம்.

மார்க்குப் போட ஒரு நோட்டு. நோட்டுல பன்னெண்டு கட்டம்.

மொதக் கட்டம் ஏத்தம். பதினேழு கிலோ வண்டி, ஒவ்வொரு மிதிக்கும் பின்பக்கம் குந்தி குந்தி எந்திரிக்குது, முன்சக்கரம் வேண்டாத விருந்தாளியப் பாத்த குதிரை மாதிரி தலைய தூக்குது, நாக்குத் தள்ள மிதிச்சுக்கிட்டுப் போகுது அந்தப் பொண்ணு, பக்கத்துலயே செங்கோடண்ணன் மூணு பலாப்பழத்தோட சைக்கிளைத் தள்ளிக்கிட்டு அதைத் தாண்டிப் போறாரு. மெர்லின் எறங்கி நோட்டை எடுத்து எழுதுச்சு: ஏத்தம், பத்துக்கு ரெண்டு.

ஆனா எறக்கம் இருக்கே, எறக்கம்! காப்பித்தோட்டத்துக்கு நடுவுல, ஆடு போறதுக்கே யோசிக்கற தடத்துல, வேரு மேல, உருண்டைக் கல்லு மேல, ஓடையில வரிசையா கெடக்கற பாறை மேல, கொதிக்கற எண்ணெயில வடை போற மாதிரி வழுக்கிக்கிட்டு வருது வண்டி, கீழ சக்கரம் ரெண்டும் தையல் மிஷின் ஊசியாட்டம் மேலயும் கீழயும் ஆடுது, மேல அந்தப் பொண்ணு தலை மட்டும் தேரு மேல சாமி மாதிரி ஆடாம அசையாம வருது, வந்து நின்னதும் ஹெல்மெட்டக் கழட்டிட்டு ஒரு கூச்சல் போட்டுச்சு பாருங்க, பலாமரத்துல இருந்த கொரங்குக்கூட்டம் பதில் குடுத்துச்சு. வளைவுல திரும்பறது ஒம்பது, கல்லுல போறது பத்து, பிடிமானம் பத்து. ரெண்டே நாளுல பதினோரு கட்டம் ரொம்பிருச்சு. பன்னெண்டாவது கட்டம் மட்டும் வெறுமையா இருந்துச்சு. அதுக்கு மேல எழுதியிருந்தது: ஒசரத்துலருந்து குதிச்சு, தரை தொடறது.

அந்த வெறுங்கட்டத்தைப் பத்தி மெர்லின் பாப்பாத்தியக்காகிட்ட மட்டும்தான் சொல்லுச்சு. பாப்பாத்தியக்காகிட்ட மட்டும் சொல்றதுன்னா என்ன அர்த்தம்னு உங்க ஊர்லயும் ஒரு டீக்கடை இருந்தா உங்களுக்குத் தெரியும். போன வருசம் வேற ஒரு மலையில குதிச்சப்ப, தரை தொடற எடத்துல தப்பாகி, காரையெலும்பு ரெண்டாப் போச்சாம். எலும்பு கூடிருச்சு. ஆனா அதுக்கப்பறம் ரெண்டு சக்கரமும் ஒண்ணா மண்ணை விட்டு எந்திரிச்சதே இல்லையாம். வந்த வண்டிக்கெல்லாம் பன்னெண்டாவது கட்டத்துல குதிச்ச மாதிரியே மார்க்குப் போட்டு அனுப்பிருச்சாம்.

'யாரும் கண்டுபிடிக்கலைங்க்கா. ஆனா நான் போடற மார்க்கை நம்பித்தான் ஒருத்தங்க குதிக்கறாங்க. இந்தத் தடவை நெசமாக் குதிச்சு, நெசமா ஒரு மார்க்குப் போடணும். இல்லைன்னா இந்த வேலைய விட்டுரணும்.'

'அட, குதிச்சிரு கண்ணு. நாங்கெல்லாம் கீழதான் நிப்போம்'னாங்க பாப்பாத்தியக்கா.

கீழதான் நின்னோம். புதன்கெழமை காலையில பத்து மணி. ஊரே ரோட்டோரமா நிக்குது. பாறை மேல மெர்லின். பின்னாடி இருபது மிதி தள்ளிப் போயி, திரும்பி, மூச்சை இழுத்து, மிதிச்சு, மிதிச்சு, மிதிச்சு, பாறை மூக்கைத் தாண்டி சக்கரம் ரெண்டும் ஆகாசத்துல ஏறுச்சு. நாங்க எண்ணுனோம். ஒண்ணு. ரெண்டு. மூணு. ஏழு வரைக்கும் கோரஸா எண்ணுனோம். பதினொண்ணு எண்ணறப்ப பாப்பாத்தியக்கா அடுப்புல பாலு பொங்குதுன்னு போயிட்டாங்க.

வண்டி எறங்கலை. ரோட்டுக்கு நட்டநடுவுல, பஸ்ஸு தலைக்கு மேல ஒரு மொழம் இருக்கற ஒசரத்துல, வண்டியும் பொண்ணும் அப்படியே நின்னுருச்சு.

இப்ப நீங்க 'ஐயோ'ன்னு ஒரு சத்தம் குடுக்கறீங்க. நாங்க குடுக்கலை. மலைரோட்டுல வண்டி நின்னுபோறது எங்களுக்கு என்ன புதுசா? லாரி நிக்குது, ஜீப்பு நிக்குது, ஒரு தடவை கல்யாண வேன் நின்னு, மாப்பிள்ளையே எறங்கித் தள்ளுனாரு. நின்னுபோன வண்டிக்கு மொத மரியாதை என்ன? பச்சைத் தழை. முன்னாடி பத்தடி, பின்னாடி பத்தடி, மரக்கெளைய ஒடிச்சு ரோட்டுல போட்டு, பக்கத்துல ஒரு கல்லு வைக்கணும், வர்ற வண்டி பாத்து நிக்கறதுக்கு. செங்கோடண்ணன் ஓடிப்போயி ஒடிச்சிட்டு வந்து போட்டாரு. போட்டதும் ஒரு சந்தேகம். 'வண்டி மேல நிக்குது, தழைய கீழ போட்டா எப்படி?'ன்னாரு. நியாயந்தானே? அதுக்காக மூங்கில் கழி நுனியில ஒரு கெளையக் கட்டி மேலயும் ஒண்ணைத் தூக்கி நட்டு வச்சோம், பறந்து வர்றவங்க யாராச்சும் இருந்தா பாத்துக்கட்டும்னு.

மீசைக்காரரே, இப்ப வருது பஸ்ஸு. ர்ர்ர்ர்ங்ங்... கடகடகடகட... ர்ர்ர்ம்ம்ம்... தழையப் பாத்துருச்சு... க்ரீஈஈச். புஸ்ஸு. தழையப் பாத்து நிக்காத டிரைவரு எந்த மலையிலயும் கெடையாது. பாட்டன் காலத்துலருந்து நிக்காத பஸ்ஸு, அன்னிக்கு எங்க ஊருல நின்னுச்சு. பிரயாணிங்க எல்லாரும் எறங்கி அண்ணாந்து பாத்தாங்க. 'யாருங்க அது?' 'கோயமுத்தூருப் பொண்ணுங்க, வண்டி நின்னுபோச்சு.' 'அப்படியா, பாவம். எந்த எடத்துல பொறந்த பொண்ணு?' அப்படி இப்படின்னு விசாரிச்சிட்டு, வாந்தி எடுக்கறவங்க சாவகாசமா எடுத்துட்டு, ஒரு டீயும் குடிச்சிட்டு மறுபடி ஏறுனாங்க. ஏறறப்ப கூட்டத்தோட கூட்டமா எங்க ஊரு நிறைமாசக்காரி செவ்வந்தியும் அவ மாமியாளும் ஏறிட்டாங்க. கண்டக்டரு விசிலு குடுத்துட்டாரு. பஸ்ஸு போயிருச்சு. நாங்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தோம்.

மறுநாளு தழை வாடுறதுக்கு முன்னாடியே புதுத் தழை ஒடிச்சுப் போட்டிருந்துச்சு. யாரு போட்டாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் யாரும் கேக்கலை.

எறக்கப் பாக்கலைன்னு எங்களைத் தப்பா நெனைச்சிராதீங்க. வியாழக்கெழமை கயித்தைக் கட்டி எட்டுப்பேரு இழுத்தோம். இழுக்க இழுக்க வண்டி குந்துச்சு, முன்னாடி இருநூறு மில்லி, பின்னாடி இருநூறு மில்லி, மொத்தமும் குந்தி, அவ்வளவுதான், கயித்தை விட்டதும் புஸ்ஸ்ஸுன்னு பழையபடி எந்திரிச்சு நின்னுருச்சு. மேலருந்து மெர்லின் கை தட்டாத குறை. 'அண்ணா, இன்னொரு தடவை இழுங்கண்ணா, திரும்பி வர்ற வேகம் அருமையா இருக்கு, எழுதிக்கறேன்!' இன்னொரு தடவை இழுத்தோம். அப்பறம் ஊசல் மாதிரி ஆட்டிவிடச் சொல்லுச்சு, ஆட்டிவிட்டோம். அது ஆகாசத்துல இருந்துக்கிட்டு சிரிக்குது, கீழ நாங்க சிரிக்கறோம், பஸ்ஸுல வந்த ஒரு பட்டாளத்துக்காரரு ஒண்ணுமே புரியாம அவரும் சிரிக்கறாரு.

பலா பறிக்கற தொரட்டியில தூக்குவாளிய மாட்டி மேல நீட்டுவோம், ஒத்தைக் கையால எடுத்துக்கும். காலையில இட்லி, மதியம் சோறு, சாயங்காலம் பாப்பாத்தியக்கா கடையோட பஜ்ஜி. மழை வந்தா கொடை. குளிக்கறது அது இதுக்கெல்லாம் என்ன பண்ணுச்சுன்னு முன்வரிசையில ஒருத்தரு வாயத் தொறக்கறாரு. நாலு பொம்பளைங்க, நாலு மூங்கில், நாலு சேலை, ஒரு ஏணி. அந்த நேரத்துல ஆம்பளைங்க மொகமெல்லாம் பதினெட்டாவது வளைவப் பாத்துத் திரும்பியிருக்கணும், இல்லைன்னா செங்கோடண்ணன் பொண்டாட்டி கையில வெளக்கமாறு இருக்கும். அவ்வளவுதான் சொல்லுவேன், போதும்.

ஊரு பழகிக்கிச்சுங்க. மேல நின்ன வண்டியோட நெழலு காலையில மேக்கால விழும், மதியம் காலடியில விழும், பாப்பாத்தியக்கா பெஞ்சை அந்த நெழலோட நகத்தி நகத்திப் போட்டாங்க. கொழந்தைங்க சோறு தின்ன அடம் புடிச்சா மேல காட்டுனாங்க. எனக்கும் ஒரு வேலை வந்துச்சு. பஸ்ஸு நின்னதும் எறங்கறவங்களுக்கு மைக்கப் புடிச்சு, 'இதோ பாருங்கள், மேலே பாருங்கள்'ன்னு ரேடியோக்காரரு குரல்ல சொல்றது. பள்ளிக்கூடம் போறவங்க ஊருலயே ஏறுனாங்க, பலாப்பழம் ஊருலயே ஏறுச்சு, செங்கோடண்ணன் சைக்கிளு கேரியரு காலியா நின்னு பழகாம ஒரு பக்கமாச் சாஞ்சுருச்சு. செவ்வந்தி பெத்த பொண்ணை, பஸ்ஸுலருந்து எறங்கி, எங்க ஊரு மண்ணுலயே காலை வச்சுத் தூக்கிட்டு வந்தா. மெர்லின் மேலருந்து பேரு சொல்லுச்சு, அதையே வச்சுட்டாங்க.

ஆனா அந்த நோட்டு இருந்துச்சே. ஒம்பதாவது நாளு கம்பெனியிலருந்து ஜெகதீசன்னு ஒருத்தரு மெர்லினுக்குப் போன் பண்ணுனாரு, மேனேஜரு. ஸ்பீக்கர்ல போட்டதுனால ஊரே கேட்டுச்சு. அவரு குரலு ஏசி ரூமுக்குள்ள வச்ச தயிரு மாதிரி.

'மெர்லின், பதினோரு மார்க் வந்துருச்சு. லேண்டிங்?'

'சார், நான் இன்னும் லேண்ட் ஆகலை சார்.'

'அதைத்தான் நீ ஒம்பது நாளா சொல்ற. நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள மார்க் வரணும். இல்லைன்னா வேற ஒருத்தன்கிட்டக் கேட்டு வாங்கிக்கறேன், அவன் எடத்தை விட்டு எந்திரிக்காமயே பத்துக்குப் பத்து போட்டுருவான்.'

போனை வச்சதுக்கப்பறம் மெர்லின் குனிஞ்சு எங்களைப் பாத்து, 'அக்கா, அண்ணா, எப்படியாச்சும் என்னைய எறக்கி விட்டுருங்க. மாட்டிக்கிச்சு. என்னால ஒண்ணும் பண்ண முடியலை'ன்னுச்சு.

'எறக்கிரலாம் கண்ணு'ன்னாங்க பாப்பாத்தியக்கா.

'எறக்காம விட்டுருவமா அம்மிணி'ன்னாரு செங்கோடண்ணன்.

'கண்டிப்பா'ன்னு நான் மைக்குலயே சொன்னேன்.

சொல்லிட்டு எல்லாரும் போயித் தழை ஒடிச்சோம்.

ஏன்னா மறுநாளுதான் பஸ் ஸ்டாப்பு போர்டு நடற நாளு. தெனம் நிக்கற எடத்துக்கு ஒரு போர்டு வச்சுக்கங்கன்னு டிப்போவுல சம்மதிச்சிருந்தாங்க, பெயிண்டு காயாம மஞ்சளா ஒரு போர்டு சொவத்துல சாஞ்சு நின்னுச்சு. தேங்கா ஒடைக்க யாரைக் கூப்புடலாம்னு பேச்சு வந்துச்சு. டிரைவரு அப்பாத்துரை அண்ணனத்தான்னு முடிவு. அப்பத்தான் எங்களுக்கு ஒறைச்சுது, ஒம்பது நாளா பஸ்ஸுல வந்த அத்தனை பேரும் எறங்கி அந்தப் பொண்ணைப் பாத்துட்டாங்க, அப்பாத்துரை அண்ணன் மட்டும் பாக்கவே இல்லை. எப்படிப் பாப்பாரு? அந்த ஏத்தத்துல நிக்கற பஸ்ஸுல டிரைவரு காலை எடுத்தா பஸ்ஸு பின்னாடியே போயி பத்தாவது வளைவுலதான் நிக்கும். மத்தவங்க அண்ணாந்து பாக்கறப்பல்லாம் அவரு உள்ள உக்காந்து மிதிச்சுக்கிட்டே இருந்திருக்காரு. முப்பது வருசம் இதே மலையில மிதிச்சவரு. தூக்கத்துல கூட வலதுகாலு அமுங்குமாம், அவரு சம்சாரம் சொல்லியிருக்கு.

பத்தாவது நாளு சாயங்காலம் பஸ்ஸு வந்துச்சு. நாலு சக்கரத்துக்கும் கல்லு அண்டக்குடுத்து, செங்கோடண்ணன் கட்டையும் வச்சு, கண்டக்டரு ரெண்டு தடவை தட்டிப் பாத்து, அப்பாத்துரை அண்ணன் முப்பது வருசத்துல மொத தடவையா எங்க ஊருல காலை ஊனுனாரு. மேளம் அடிச்சோம். மாலை போட்டோம். செவ்வந்தி கொழந்தையக் கொண்டாந்து காட்டுனா. போர்டு நட்ட குழிக்கு முன்னாடி கையில தேங்காயக் குடுத்தோம். வாங்கிக்கிட்டு, ஒடைக்கறதுக்கு முன்னாடி, பெரிய மனுசன் மாதிரி மெதுவா அண்ணாந்து பாத்தாரு.

டயரைப் பாத்தாரு. ஸ்பிரிங்கைப் பாத்தாரு. அப்பறம் அந்தப் பொண்ணோட கையப் பாத்தாரு. பாத்துக்கிட்டே இருந்தாரு. மேளம் தானா நின்னுருச்சு.

'அண்ணே, தேங்கா'ன்னாரு கண்டக்டரு.

'மாட்டிக்கிச்சுங்ணா'ன்னு மெர்லின் மேலருந்து சொல்லுச்சு, பஸ்ஸுல வர்ற எல்லாருக்கும் சொல்ற மாதிரி.

இன்ஜினோட போட்டி போட்டே கத்திப் பழகுன தொண்டை அப்பாத்துரை அண்ணனுக்கு, ரகசியம் சொன்னாலும் ரெண்டு வளைவு தாண்டிக் கேக்கும்.

'எங்க மாட்டிக்கிச்சு? பிரேக்கை இறுக்கிப் புடிச்சுக்கிட்டு இருக்கறது நீதானம்மா! வெரலை எடுத்தா எறங்கிரும். ஏனுங்க, பத்து நாளா இந்தக் கைக்குத்தான டீ நீட்டுனீங்க, உங்கள்ல ஒருத்தர் கண்ணுக்குமா தெரியலை?'